சொல்லோடு சேர்ந்து வரும் சொல்

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்குப் பணம் கட்டியவர் அடுத்துத் தேடுவது பெரும்பாலும் ஒரு சொற்பட்டியலைத்தான். 'மெனி' என்று எழுதாதே, 'பிளெதோரா' என்று எழுது. 'இம்பார்ட்டன்ட்' சாதாரணம், 'பாராமவுன்ட்' என்றால்தான் மதிப்பு என்று அந்தப் பட்டியல்கள் சொல்லித் தருகின்றன. அரிய சொற்கள் எத்தனை கைவசம் இருக்கின்றனவோ அத்தனை மொழித்திறன் என்ற எண்ணம் இதற்கு அடியில் இருக்கிறது. ஆனால், தேர்வை நடத்துகிறவர்களே பொதுவில் வைத்திருக்கும் மதிப்பெண் விதிகள் வேறு கதை சொல்கின்றன. எழுத்துத் தாள் நான்கு அளவுகோல்களால் சம எடையில் திருத்தப்படுகிறது. சொல்வளம் அவற்றில் ஒன்று. அதற்குள்ளும், அதிகம் புழங்காத சொற்களை ஓரளவு பிழையோடு எழுத முயன்றாலே 6 கிடைத்துவிடும். 7 வேண்டுமென்றால், எந்த நடைக்கு எந்தச் சொல், எதோடு எது சேரும் என்ற உணர்வு எழுத்தில் தெரிய வேண்டும். பலரும் ஆண்டுக்கணக்கில் தேங்கி நிற்கும் அந்த ஒரு படியைத் தீர்மானிப்பது சொல்லின் அருமையை விட அதன் சேர்க்கைதான்.

சேர்க்கை என்பது தாய்மொழியில் நமக்குக் கண்ணில் படுவதே இல்லை. தமிழில் மழை பெய்யும், வெயில் அடிக்கும், பனி கொட்டும். 'வெயில் பெய்கிறது' என்று எழுதியவருக்கு இரண்டு சொற்களின் பொருளும் தெரிந்திருக்கலாம். ஆனாலும் அவருக்குத் தமிழ் தெரியாது என்று படிப்பவர் முடிவுகட்டிவிடுவார். ஆங்கிலத்திலும் மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்'. மாற்றிப் போட இலக்கணம் தடுக்காது, வழக்கு தடுக்கும். ஒரு சொல்லுக்கு எதிரே இன்னொரு சொல்லை நிறுத்தி இரண்டும் ஒன்று என்று கற்பிக்கும் பட்டியல் கைவிடுவது இதைத்தான். 'பிளெதோரா'வில் 'தேவைக்கு மேல்' என்ற சாயல் உண்டு. ஊரில் மருத்துவமனைகள் பெருகியதைப் பாராட்ட வந்தவர் அதை எழுதினால், மிதமிஞ்சிப் போய்விட்டன என்று குறைகூறுவது போலவும் ஒலிக்கக்கூடும்.

எந்தச் சொற்களைக் கற்பது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்திய மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவர்களுக்கு அளவான சொற்களைக் கொண்டே பாடநூல் எழுதியவர். 1953இல் அவர் வெளியிட்ட பட்டியலில் ஆங்கிலத்தின் மிகப் பயனுள்ள சொற்கள் ஏறத்தாழ 2,000 இருந்தன. நியூசிலாந்தின் அவெரில் காக்ஸ்ஹெட் 35 லட்சம் சொற்கள் கொண்ட கல்வித்துறை எழுத்துகளை அலசி, வெஸ்டின் பட்டியலுக்கு வெளியே 570 சொற்குடும்பங்களை 2000ஆம் ஆண்டில் தொகுத்தார். அந்த எழுத்துகளில் வெஸ்டின் சொற்கள் சுமார் 76 விழுக்காடு, காக்ஸ்ஹெட்டின் சொற்கள் இன்னொரு 10 விழுக்காடு. 'அஸ்யூம்', 'டெரைவ்', 'சிக்னிஃபிகன்ட்', 'காம்பன்சேட்' போன்றவை அந்த 570இல் அடங்கும். கேட்டால் தெரியும் என்போம். ஒரு வாக்கியத்தில் பிசகாமல் வைக்கச் சொன்னால் தடுமாறுவோம். உழைப்பைப் போட வேண்டிய இடம் இந்த நடுத்தட்டு.

இதை மறுக்க மூன்று காரணங்கள் சொல்வார்கள். திருத்துபவரை அசத்த வேண்டாமா என்பது முதலாவது. டேனியல் ஓப்பன்ஹைமர் என்ற உளவியலாளர், மேற்படிப்புக்கு விண்ணப்பித்தவர்களின் கட்டுரைகளில் எளிய சொற்களை எடுத்துவிட்டு நீளமான சொற்களைப் பெய்து படிக்கக் கொடுத்தார். எழுதியவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற மதிப்பீடு ஏறவில்லை, இறங்கியது. 2006இல் வெளியான ஆய்வு இது. அடுத்து, மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வு அரிய சொற்களைத்தானே கேட்கிறது என்பார்கள். உண்மைதான், ஆனால், அந்தத் தேர்வே 2011இல் எதிர்ச்சொல், ஒப்புமை வினாக்களைக் கைவிட்டு, சொல்லை வாக்கியத்துக்குள் வைத்துப் பார்க்கும் வினாக்களுக்கு மாறிவிட்டது. நேரமில்லை, இரண்டே மாதத்தில் தேர்வு, பட்டியலை விட்டால் வேறு குறுக்குவழி ஏது என்ற மூன்றாவது மறுப்பில்தான் வலு அதிகம். அட்டையில் எழுதிவைத்து, இடைவெளி விட்டு விட்டுத் திருப்பிப் பார்க்கும் முறை நல்ல பலன் தருகிறது என்பதைச் சொற்கற்றல் ஆய்வாளர் பால் நேஷன் போன்றோரும் வலியுறுத்துகிறார்கள். ஆகவே மனப்பாடத்தின் மீது எனக்குப் பகை இல்லை. அட்டையின் பின்பக்கம் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் என் வழக்கு. அங்கே வெறும் பொருள் இருந்தால் வாசிக்கும்போது உதவும், எழுதும்போது கைவிடும். அந்தச் சொல் வழக்கமாகச் சேரும் இரண்டு தொடர்களும், பின்னால் வரும் முன்னிடைச்சொல்லும் இருந்தால் அதே நேரத்தில் இரு வேலையும் முடியும். ஒரு நாளைக்கு முப்பது சொல் என்ற கணக்கு பத்தாகக் குறையும். நேரம் குறைவு என்பதே இப்படிச் செய்வதற்கான காரணமும் ஆகிறது: தேர்வு அறையில் கைக்கு வராத இருபது சொற்களுக்குச் செலவிட்ட நேரம் முழு நட்டம்.

இந்தத் தேர்வுகள் எதற்காக நடக்கின்றன என்று பார்த்தாலும் இதே முடிவுதான் கிடைக்கிறது. பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய வாசித்தல், கேட்டல், பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 கேட்கிறார்கள். பணிநேரம் மாறும்போது நோயாளியின் நிலையை அடுத்தவருக்கு எழுதிவைக்கும் செவிலியருக்கு 'பிளெதோரா' தேவைப்படாது. வலி கூடியதா, குறைந்ததா, அப்படியே நீடிக்கிறதா என்பதற்கான சொல் ஐயமில்லாமல் விழ வேண்டும். இந்த மதிப்பெண்கள் உறுதி சொல்வது அந்த நம்பகத்தன்மையை. அதை வளர்த்துக்கொள்ளாமல் மதிப்பெண்ணுக்கு மட்டும் படிப்பது, தேர்வுக்கே கூட நல்ல உத்தி அல்ல.