ஒரு வோல்ட்டுக்கு உள்ளே

சீபியு கோருக்கு எத்தனை வோல்ட் வரவேண்டும்? லெப்டொப் ரிப்பேர் வேலை பழக வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். அடெப்டருக்கு 19, யூஎஸ்பிக்கு 5, பயோஸ் சிப்புக்கு 3.3 என்று கொப்பியில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு வருகிறவர்களுக்கு, கோருக்கு மட்டும் நான் எண் சொல்லாமல் விட்டால் முகம் வாடிவிடும். சொல்லக்கூடாதென்று இல்லை, சொல்ல ஓர் எண் கிடையாது. சிப்புக்கு வேலை இல்லாத நேரத்தில் முக்கால் வோல்ட், வேலை கூடினால் ஒரு வோல்ட்டைத் தாண்டி ஒன்றேகால் பக்கம். கண் இமைப்பதற்குள் பல தடவை ஏறி இறங்கிவிடும். மல்டிமீட்டர் காட்டுவது இதன் சராசரியை மட்டும்.

இந்த ஏற்ற இறக்கத்தை நடத்துவது பக் கொன்ரோலர் என்கிற சின்ன ஐசி. அதன் கீழே மொஸ்பெட் என்கிற சுவிட்ச் இரண்டு, ஒரு கொயில், கெப்பாசிட்டர் வரிசை. மேல் மொஸ்பெட் திறந்தால் 19 வோல்ட் கொயிலுக்குள் பாயும். அது மூடியதும் கீழ் மொஸ்பெட் திறந்து, கொயிலில் ஓடிக்கொண்டிருக்கும் கரண்ட்டுக்கு வழிவிடும். 19 வோல்ட்டை ஒரு வோல்ட்டாக்க வேண்டுமானால் மேல் மொஸ்பெட் பத்தொன்பதில் ஒரு பங்கு நேரம் திறந்தால் போதும். செக்கனுக்கு மூன்று இலட்சம் தடவை திறந்து மூடும் போர்டில் அது கால் மைக்ரோசெக்கன்கூட இல்லை. அடெப்டரிலிருந்து மூன்று நான்கு அம்பியர்தான் வருகிறது. ஆனால் 35 வாட் சிப் ஒன்று ஒரு வோல்ட்டில் ஓடினால் 35 அம்பியர் கேட்கும். நம் வீடுகளுக்கு வழக்கமாகக் கிடைக்கும் மின் இணைப்பே 30 அம்பியர்தான். இங்கே பன்விலயில் ஒரு வீடு முழுவதும் எரிக்கும் கரண்ட்டைவிடக் கூடுதலாக, விரல் நக அளவு சிலிக்கனுக்குள் போகிறது. தங்கள் மடிக்கணினிக்குள் இப்படி ஒன்று நடக்கிறதென்று அதைக் கொண்டு வருகிறவர்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

முன்பு இவ்வளவு சிக்கல் இல்லை. 486 காலத்தில் 5 வோல்ட், அவ்வளவுதான். பிறகு போர்டில் ஜம்பர் மாற்றி 2.8, 3.3 என்று நாமே தெரிவு செய்தோம். 1995இல் வந்த பென்டியம் ப்ரோதான் தனக்கு வேண்டிய வோல்டேஜைத் தன் கால்களின் மூலம் தானே சொல்ல ஆரம்பித்தது. 2000 ஜனவரியில் இன்டெல்லின் ஸ்பீட்ஸ்டெப் வந்தபோது லெப்டொப்பில் கதை மாறியது. 650 மெகாஹேர்ட்ஸில் 1.6 வோல்ட், பெட்டரியில் ஓடும்போது 500 மெகாஹேர்ட்ஸ், 1.35 வோல்ட். சக்தி வோல்டேஜின் வர்க்கத்தோடு போவதால் இந்தச் சின்ன இறக்கமே பெரிய மிச்சம். வேகம் முக்கால் பங்காகும்போது சூடு ஏறக்குறையப் பாதியாகிவிடும். கோர் டுவோ காலத்தில் வோல்டேஜைச் சொல்ல ஏழு கம்பிகள், பன்னிரண்டரை மில்லிவோல்ட் படிகள். இப்போது மூன்றே கம்பிகளில் தொடர்ச்சியாகக் கட்டளை போகிறது, ஒரு படி 5 மில்லிவோல்ட்.

சிப் கேட்கிறது, கொன்ரோலர் கொடுக்கிறது. இதில் கஷ்டமான இடம் கொடுப்பதல்ல, மாறுவது. 0.8 வோல்ட்டிலிருந்து 1.2க்கு ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரேயடியாக ஏறினால் வெறும் கெப்பாசிட்டர்களை நிரப்பவே கரண்ட் எகிறி, கொன்ரோலர் அதை ஷோர்ட் என்று எண்ணி அணைந்துவிடும். அதனால் மைக்ரோசெக்கனுக்குப் பத்து மில்லிவோல்ட் போல ஓர் அளவில் சரிவாக ஏற்றும். இறங்குவது அதைவிடக் கடினம். சிப் தூங்கப் போகிறது, கரண்ட் குடிக்க ஆளில்லை, கெப்பாசிட்டரில் இருப்பது எங்கே போகும்? நல்ல கொன்ரோலர் கீழ் மொஸ்பெட்டைத் திறந்து கொயில் வழியாகக் கரண்ட்டைப் பின்னோக்கி இழுத்து, வந்த வழிக்கே திருப்பி அனுப்பும். அந்தச் சில மைக்ரோசெக்கன்களுக்கு மட்டும், ‘வோல்டேஜ் சரியில்லை’ என்று கத்தும் காவல் சிக்னலை வாயடைத்து வைக்கும். இல்லாவிட்டால் தானே கேட்ட மாற்றத்தைப் பார்த்துத் தானே பயந்து மெஷின் நின்றுபோகும்.

புதியவர்களுக்கு விளங்க வைக்கச் சிரமப்படும் இன்னொன்று உண்டு. கரண்ட் கூடும்போது வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும், இறங்கவும் வேண்டும். கோர் டுவோ போர்டுகளில் அம்பியருக்கு இரண்டு மில்லிவோல்ட் அளவு. 40 அம்பியரில் எண்பது மில்லிவோல்ட் குறைவாகக் காட்டும். ‘ஐசி வீக்’ என்று முடிவு கட்டி நல்ல கொன்ரோலரைக் கழற்றியவர்களை எனக்குத் தெரியும். அந்த இறக்கம் வேண்டுமென்றே வைத்தது. முழு வேலையில் ஓடும் சிப் திடீரென்று நின்றால், கொயிலில் ஓடும் கரண்ட் உடனே நிற்காது. மிச்சம் முழுவதும் கெப்பாசிட்டருக்குள் கொட்டி வோல்டேஜ் துள்ளும். முதலே கீழே இருந்தால் துள்ள இடம் இருக்கும். மேடு ஏறும் வத்தேகம பஸ்காரர் வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைப்பது போன்ற முன்யோசனை அது.

சரி, பழுதுக்கு வருவோம். ஒரு காலத்து லெப்டொப்களில் சீபியுவுக்கு நேர் பின்புறம் கெப்பாசிட்டர் வரிசைக்குப் பதிலாகத் தட்டையான ஒரே துண்டு இருக்கும். அப்படி ஒன்றை மடுல்கலைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியர் கொண்டு வந்தார்.

“அண்ணே, ரெண்டு கடையில காட்டிட்டேன். போர்ட் போச்சுங்கிறாங்க. ஒன் ஆகுது, விண்டோஸ் பாதி வருது, அணைஞ்சிடுது.”

“கொஞ்சம் பொறுங்க சேர்,” என்று சேஃப் மோடில் ஏற்றி, பவர் செட்டிங்கில் புரொசெஸரின் உச்ச வேகத்தை ஐம்பது சதவீதத்துக்கு இறக்கி, மறுபடி வழமை போல் ஓடவிட்டேன். விண்டோஸ் முழுவதும் வந்தது. அன்று பின்னேரம் வரை அணையாமல் ஓடியது. நூறுக்கு ஏற்றியதும் அணைந்தது. கொன்ரோலர், மொஸ்பெட் இரண்டிலும் குறையில்லை. நின்ற இடத்தில் நிற்கத் தெரிந்த வோல்டேஜுக்கு நகர முடியவில்லை. சூட்டில் கிடந்து கிடந்து அந்தத் தட்டைத் துண்டு வலுவிழந்திருந்தது.

அதைக் கழற்றி 330 மைக்ரோஃபரட் பொலிமர் கெப்பாசிட்டர் நான்கு வைப்பது உலகம் முழுவதும் ரிப்பேர்காரர்கள் செய்யும் வைத்தியம். ஆனால் ஒரு விஷயம். அந்தத் துண்டு வெறும் கெப்பாசிட்டர் இல்லை, அதன் இரு முனைகளுக்கும் நடுவே சீபியுவின் கரண்டும் ஓடுகிறது. கழற்றினால் பாதையும் அறுந்துபோகும் போர்டுகள் உண்டு. அங்கே இரு முனைகளையும் தடித்த செப்புத் தகட்டால் இணைத்துவிட்டுத்தான் நான்கையும் மேலே வைக்க வேண்டும். மெல்லிய ஜம்பர் வயர் போட்டால் 35 அம்பியரில் சோல்டரே உருகும். கெப்பாசிட்டர்களை முடிந்தவரை சிப்புக்குக் கிட்ட வைக்க வேண்டும், அரை அங்குலம் தள்ளிப்போனாலும் அந்த வேகத்தில் அது தூரந்தான். பழைய போர்டிலிருந்து பிடுங்கிய கெப்பாசிட்டர் வேண்டாம். கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவுக்கு ஆள் அனுப்பியாவது புதிதாக எடுத்துக்கொள்வேன்.

இன்னொரு வழக்கமான தீர்ப்பு ‘கோர் ஷோர்ட்’. கொயிலில் மீட்டரை வைக்கிறார்கள், பீப் அடிக்கிறது, போர்ட் குப்பைக்குப் போகிறது. நல்ல சிப்பே ஒன்றிரண்டு ஓம் காட்டும் என்பது நினைவில்லை. உண்மையில் பார்க்க வேண்டியது மேல் மொஸ்பெட். அது ஷோர்ட்டானால் 19 வோல்ட் நேரே கோருக்குள் போகும். அதை அளக்காமல் பவர் பட்டனில் கை வைக்க நான் யாரையும் விடுவதில்லை.

வோல்டேஜைக் கூட்டிக் கொடுத்தால் நல்லாய் ஓடும் என்று நம்பும் கேம் பிரியர்கள் கண்டி டவுனிலிருந்தும் வருவார்கள். அவர்களிடம் 2024ஐச் சொல்வேன். இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் சிப்புகள் மைக்ரோகோட் கோளாறால் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுத் தம்மையே அரித்துக்கொண்டன. ஓகஸ்ட்டில் வந்த திருத்தம் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்கவிடாமல் தடுத்தது. கொன்ரோலர் பாவம், கேட்டதைக் கொடுத்தது.

மீட்டர் காட்டாத கோரின் துள்ளல்களை ஒசிலஸ்கோப்பில் பார்க்கும்போது ப்ரோபின் நீளமான கிரவுண்ட் கிளிப்பைக் கழற்றிவிட்டு, நுனியோடு ஒட்டிய சிறு ஸ்ப்ரிங்கைக் கிரவுண்டில் வைப்பேன். நீள வயர் ஏரியல் மாதிரி மொஸ்பெட்டின் இரைச்சலைப் பிடித்து, இல்லாத முட்களைக் காட்டும். அதைப் பார்த்துக் கெப்பாசிட்டரைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு அறிவித்தபோது திடீர் மாற்றத்தைப் போர்ட் தாங்குமா என்ற சோதனையை நாடே எங்களுக்காகச் செய்து கொடுத்தது. கரண்ட் போன கணத்தில் உள்ளே வருவது 19 வோல்ட்டிலிருந்து பெட்டரியின் பதினொன்றுக்கு விழும். மேல் மொஸ்பெட் திறக்கும் பங்கு உடனே ஏறக்குறைய இரட்டிப்பாக வேண்டும், கோர் அசையக்கூடாது. இளைத்துப்போன போர்டுகள் அந்தக் கணத்தில்தான் விழுந்தன. இப்போது எந்த லெப்டொப்பையும் கொடுப்பதற்கு முன், முழு வேகத்தில் ஓடவிட்டு அடெப்டரைப் பிடுங்குகிறேன், திரும்பச் செருகுகிறேன். பிறகு வேலையைச் சட்டென்று நிறுத்தித் தூங்கவிட்டு எழுப்புகிறேன். அவசரமாக வத்தேகம பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று நிற்பவரையும் அதுவரை உட்காரச் சொல்வேன்.