பாதியில் நிறுத்தத் தெரிந்த வேலை

ஆவணி, மூன்றாம் ஞாயிறு

எட்டாம் மாதம் நடக்கிறது. வளைகாப்பு முடிந்ததும் தாய்வீடு போகப்போவதில்லை, இங்கேயே இருக்கிறேன் என்று மனைவி சொல்லிவிட்டாள். "முதல் நாள்லேருந்து நீயும் கூட இருக்கணும். குழந்தை உன்கிட்டயும் வளரணும்" என்றாள். பிரசவ நேரத்துக்கு அத்தை இங்கே வந்துவிடுவார். எனக்கும் இதுதான் விருப்பம். ஆகவே இன்று ஷெட்டுக்குள் போனபோது மனதில் ஒரே கேள்விதான் இருந்தது: இந்த வண்டியை இன்னும் ஒரு மாதத்துக்குள் எந்த நிலையில் நிறுத்திவைப்பது?

வண்டி ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். 1966 மாடல், இரண்டு கதவு, தாத்தா வாங்கியது. அந்தக் காலத்தில் இங்கே கார் வாங்குவதென்றால் அம்பாசிடர், ஃபியட், ஹெரால்ட் என்ற மூன்றில் ஒன்றுக்குப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மூன்றில் ஹெரால்ட் மட்டும் நம் ஊர் வண்டி. வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் தயாரானது. மூலம் இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்ட். அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலாட்டி.

இந்த வண்டியில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் கட்டுமானம். தனிச் சேசிஸ் ஒன்று. அதன்மேல் முன்கூடு, பின்கூடு, கூரை, பானெட் எல்லாம் போல்ட் போட்டு இணைத்தவை. காரணம் சுவையானது. ட்ரையம்ஃபுக்கு பாடி செய்துகொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனி 1953-ல் போட்டியாளரான பிஎம்சியின் கைக்குப் போய்விட்டது. முழுக்கூட்டையும் ஒரே இடத்தில் செய்துதர ஆளில்லை. வெவ்வேறு பட்டறைகளில் செய்த துண்டுகளைக் கொண்டுவந்து பூட்டும்படி வண்டியை வகுத்தார்கள். கடல்கடந்த நாடுகளுக்குப் பெட்டிகளில் அனுப்பி அங்கே கோப்பதற்கும் அது தோதாக அமைந்தது.

துண்டு துண்டாக எடுத்து, ஒவ்வொன்றாக முடித்து, ஓரமாக வைக்கலாம். வரப்போகும் மாதங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி எனக்குக் கிடைத்திருக்காது.

புரட்டாசி, முதல் வாரம்

லேத் பட்டறையிலிருந்து பிளாக் வந்துவிட்டது. 63 மி.மீ. போர், 76 மி.மீ. ஸ்ட்ரோக், நான்கு சிலிண்டர், 948 சிசி. இங்கிலாந்தில் பிறகு 1147 சிசிக்குப் போனார்கள். இந்திய ஹெரால்டுக்குக் கடைசிவரை இதே 948 தான். சிலிண்டர் தேய்ந்திருந்ததால் ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்கியாயிற்று. அந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்தது. இந்தியாவில் 2000-லேயே ஈயப் பெட்ரோல் நின்றுவிட்டதால், ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான புது சீட்டுகளும் இறக்கியிருக்கிறோம்.

லேத் மேஸ்திரி ஒன்று சொன்னார். "தம்பி, மழைக்காலம் வருது. புதுசா போர் போட்ட பிளாக்கைச் சும்மா வெச்சீங்கன்னா நாலு நாள்ல துரு பிடிச்சுடும். எண்ணெய் ஊத்திக் கட்டி வைங்க. எத்தனை மாசம் ஆனாலும் கெடாது."

இன்று முழுக்க அந்த வேலைதான். சிலிண்டர் சுவர்களில் எஞ்சின் ஆயில் தடவி, இயந்திரம் கடைந்த முகங்களுக்கு கிரீஸ் பூசி, பாலித்தீன் சுற்றிக் கட்டினேன். கிராங்க் ஷாஃப்டைச் செங்குத்தாக நிறுத்தினேன். நட்டு போல்ட்டுகளைப் பகுதிவாரியாகப் பைகளில் போட்டு ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு வைத்தேன். எந்த இடத்தது, எந்த வரிசையில் மாட்ட வேண்டும், அடுத்து செய்ய வேண்டியது என்ன என்ற மூன்றும் அதில் இருக்கும். மூன்றாவதுதான் முக்கியம். பல வாரம் கழித்து, தூக்கமில்லாத ஒரு தலையோடு வந்து நிற்கப்போகும் எனக்கு அந்தச் சீட்டுதான் வழி சொல்ல வேண்டும்.

புரட்டாசி, கடைசி வாரம்

மகள் பிறந்துவிட்டாள். தாயும் நலம், சேயும் நலம்.

பிறந்த அன்றே பிசிஜி, போலியோ சொட்டு, ஹெபடைட்டிஸ் பி ஊசி எல்லாம் ஆயிற்று. முதல் சில நாட்களில் எடை சற்றுக் குறையும், இரண்டு வாரத்துக்குள் திரும்ப ஏறிவிடும் என்று டாக்டர் சொன்னார். மத்திய அரசு வேலை என்பதால் எனக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. பிறந்து 6 மாதத்துக்குள் எடுக்கலாம். உடனே எடுத்துக்கொண்டேன். சிசேரியன் செய்த உடம்போடு ஒருத்தி இரண்டு மணிக்கொரு தடவை எழுந்து பாலூட்டும்போது, பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

தாய்ப்பால் ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே தகப்பனாலும் முடியும். துணி மாற்றுவது, அலசுவது, பாலூட்டியபின் ஏப்பம் எடுக்க வைப்பது, நள்ளிரவில் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடப்பது. "மாப்பிள்ளை, கழுத்துக்கு அடியில கையை நல்லா கொடுங்க. பயப்படாதீங்க, அவ ஒண்ணும் உடைஞ்சுட மாட்டா" என்று அத்தை சொல்லிக்கொடுத்தார். சட்டையைக் கழற்றி மார்போடு சாய்த்துக்கொண்டால் அழுகை அடங்குகிறது. என் உடம்புச் சூடு அவளுக்குப் போதுமானதாக இருக்கிறது என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

ஐப்பசி, அடைமழை

ஷெட் பூட்டியே கிடக்கிறது. தார்ப்பாய் ஒழுகவில்லை, பாலித்தீனைப் பிரித்துப் பார்த்தேன், பிளாக்கில் ஒரு புள்ளி துரு இல்லை.

இந்த வாரம் யோசித்ததெல்லாம் என் கைகளைப் பற்றி. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். 1990களில் கடைசியாக ஓடிய வண்டி. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் படிந்த கரியிலும் ஈயம் இருக்கும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ். விழுங்கும் ஈயத்தைப் பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் உடம்பு 4 முதல் 5 மடங்கு வரை உறிஞ்சிக்கொள்ளும். ஈயத்தில் பாதுகாப்பான அளவென்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேலை பார்த்த சட்டையோடு குழந்தையைத் தூக்கினாலே போதும், தூசி அவள் வாய்க்குப் போய்விடும்.

எனவே ஷெட்டுக்கெனச் சில சட்டங்கள். பெயிண்டை உலர்ந்த நிலையில் தேய்ப்பதே கிடையாது. தண்ணீர் விட்டு, வாட்டர் பேப்பரால் மட்டும். பிரேக் டிரம்மில் கம்ப்ரெஸர் காற்று அடிப்பதில்லை. ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போட்டுவிட வேண்டும். ஷெட் உடுப்பு ஷெட்டிலேயே இருக்கும், வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைப்பதில்லை. வெளிக்குழாயில் சோப்புப் போட்டுக் கைகழுவி, குளித்து, உடை மாற்றிய பிறகே குழந்தை. கிரைண்டர் வேலை, வெல்டிங், பெயிண்ட் அடிப்பது மூன்றும் வீட்டில் இல்லை. அவை பட்டறைக்குப் போகும்.

கார்த்திகை, இரண்டாம் வாரம்

ஆறாம் வாரத் தடுப்பூசி போட்டு வந்தோம். பென்டாவேலன்ட், போலியோ, ரோட்டா சொட்டு, நிமோகாக்கல். இரவு காய்ச்சல் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள், வந்தது. டாக்டர் எழுதிக்கொடுத்த சொட்டுமருந்து கொடுத்துவிட்டு மாறிமாறி மடியில் வைத்துக்கொண்டிருந்தோம். விடியும்போது காய்ச்சல் இறங்கி, என் முகத்தைப் பார்த்து வாயெல்லாம் சிரித்தாள்.

இன்று மாலை மனைவி கேட்டாள்: "ஷெட்டுக்கு எப்போ போகப்போற?"

"இவ தூங்கும்போது போகலாம்னு இருக்கேன்."

"இவ தூங்கும்போதும் யாராவது பக்கத்துல இருக்கணும். அது நான்தான். அப்போ என் வீணையை நான் எப்போ எடுக்கறது?"

இந்தக் கேள்வியைத்தான் குழந்தை பெற்ற ஒவ்வொரு ஆணும் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். நேரம் கிடைக்கிறதா என்பதல்ல விஷயம். கிடைக்கும் ஒவ்வொரு மணி நேரத்தையும் யாரோ ஒருவர் தருகிறார். குழந்தை தூங்குவதால் நேரம் தானாக உண்டாகிவிடுவதில்லை. பக்கத்தில் விழித்திருப்பவர் தருவதால் உண்டாகிறது. பொழுதுபோக்கு என்று ஆண்கள் சொந்தம் கொண்டாடிவந்த எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளை அந்த வீட்டுப் பெண்கள் கணக்கு வைக்காமல் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் கணக்கு இருக்கட்டும் என்று பேசி முடித்தோம். சனிக்கிழமை காலை ஷெட். ஞாயிறு காலை வீணை, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு. அந்த நேரத்தில் குழந்தை அழுதால் நான் பார்த்துக்கொள்வேன். பசிக்காக அன்றி வேறெதற்கும் அந்தக் கதவைத் தட்டுவதில்லை.

மார்கழி, சனி

மயிலாப்பூரில் ஒரு கச்சேரிக்கு அவளும் அத்தையும் போனார்கள். நானும் மகளும் வீட்டில்.

காலையில் கார்ப்பரேட்டரை முடித்தேன். ஜெட்டுகள், ஊசி, மிதவை எல்லாவற்றையும் பெட்ரோலில் கழுவி, புது கேஸ்கெட் போட்டு, மூடி, சீட்டு எழுதி அலமாரியில் வைத்தாயிற்று. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருப்பதால் பழைய ரப்பர்க் குழாய்கள் தாங்காது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் எத்தனால் தாங்கும் குழாய் கிடைத்தது. புதுப்பேட்டைக் கடை பாய், வீல் சிலிண்டர் இரண்டு எடுத்துவைத்திருப்பதாகப் போன் செய்தார். "குழந்தையை விட்டுட்டு அவசரமா வராதீங்க தம்பி. உங்க வண்டிப் பொருளை வேற யார் கேக்கப்போறாங்க? பத்திரமா இருக்கும்" என்றார். மழலைக்குரல் போனில் கேட்டதும் அவள் பெயரையும் விசாரித்தார்.

வேலைகளை வேறுவிதமாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். முன்பெல்லாம் முக்கியமானது, முக்கியமில்லாதது என்று பிரிப்பேன். இப்போது, நடுவில் விட்டுவிட்டு எழுந்து போகக்கூடியது, போகக்கூடாதது என்று. கதவு பூட்டைக் கழற்றிச் சுத்தம் செய்வது, டைனமோவுக்கு பிரஷ் மாற்றுவது, குரோம் பட்டிகளைத் துடைப்பது முதல் வகை. அழுகுரல் கேட்ட நொடியில் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் போகலாம். வேலை அப்படியே நிற்கும். மெயின் பேரிங் முறுக்குவதும் ஹெட் இறக்குவதும் இரண்டாம் வகை. அவற்றைத் தொட வேண்டுமானால் வீட்டில் அத்தையும் இருக்க வேண்டும், மனைவியிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அழுகை காதில் விழும்போது கையில் முறுக்குக் குறடு இருந்தால், இரண்டில் ஒன்றை அரைகுறையாகத்தான் செய்ய நேரும்.

தை, பொங்கல் விடுமுறை

அப்படிப்பட்ட ஒரு நாள் அமைந்தது. வீடு நிறைய ஆட்கள். மகள் ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

கிராங்கை மூன்று மெயின் பேரிங்குகளிலும் அமர்த்தி, எண்ணெயிட்டு முறுக்கினேன். கையால் சுற்றிப் பார்த்தேன். எங்கும் பிடிக்காமல் சீராகச் சுழன்றது. பிஸ்டன்கள் இறங்கின. ஹெட் கேஸ்கெட் வைத்து, நட்டுகளை நடுவிலிருந்து ஓரங்களுக்கு வரிசைப்படி, ஒரே மூச்சில் இறுக்காமல் படிப்படியாக முறுக்கினேன். வால்வு இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.010 அங்குலம், ஃபீலர் கேஜ் மெல்ல உரசிக்கொண்டு போனால் சரி. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2.

எண்ணெய் பூசிக் கட்டிவைத்தது ஆவணி முடிந்த கையோடு. இத்தனை மாதம் தொடாமல் இருந்தும் எதுவும் பின்னோக்கிப் போகவில்லை. இரும்பை ஒழுங்காக நிறுத்திவைத்தால் அது காத்திருக்கும். குழந்தையின் ஆறாவது வாரம், பத்தாவது வாரம், முதல் சிரிப்பு, கழுத்து நின்ற நாள் இவை எதற்கும் எண்ணெய் பூசிக் கட்டிவைக்கும் வித்தை கிடையாது. இந்த ஒரு வேறுபாடு மனதில் பதிந்துவிட்டால், எதை எப்போது கீழே வைப்பது என்பதில் குழப்பமே வருவதில்லை.

பங்குனி, கடைசி ஞாயிறு

ஆறு மாதம் நிறைந்தது. இன்று முதல் சோறு. குழைய வடித்த சோறும் பருப்பும், ஒரு சொட்டு நெய்யும். பாதி உள்ளே போனது, பாதி என் சட்டையில்.

மாமனார் கேட்டார்: "பேத்தியை அந்த வண்டியில எப்போ கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறீங்க மாப்பிள்ளை?"

எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் இந்த வண்டியில் சீட் பெல்ட்டே கிடையாது. 14 வயதுக்குட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் சொல்கிறது. அபராதம் பெரிதல்ல, மோதலின்போது மடியில் இருக்கும் குழந்தையை எந்தக் கையாலும் பிடித்துவைக்க முடியாது என்பதுதான் பெரிது. பின்னோக்கிப் பார்க்கும் குழந்தை இருக்கையைக் கட்ட உறுதியான பெல்ட் வேண்டும். மெல்லிய தரைத் தகட்டில் ஓட்டை போட்டு போல்ட் மாட்டினால் அது பிய்த்துக்கொண்டு வரும். கனமான தகடு வைத்து, சேசிஸின் பலத்தைத் துணைக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அது. 50 வயது கடந்த வண்டிகளுக்கென்று 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதிகள், சேசிஸையும் கூட்டையும் பெரிதாக மாற்றாமல் மூல வடிவில் வைத்திருக்கச் சொல்கின்றன. இரண்டையும் ஒருங்கே எப்படி நிறைவேற்றுவது என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் டிரில்லைக் கையில் எடுப்பேன்.

"பெல்ட் போட்டு, அதைத் தெரிஞ்ச ஒருத்தர் சோதிச்சப்புறம்தான் இவ ஏறுவா மாமா. அதுவரைக்கும் கோயிலுக்கு நம்ம சின்ன கார்லேயே போகலாம்" என்றேன். மனைவி தலையசைத்தாள்.

அடுத்தது சேசிஸின் பக்கவாட்டு அவுட்ரிகர்கள். ஹெரால்டில் முதலில் துரு தின்னும் இடம் அதுதான். வெட்டி, புதுத் தகடு வைத்துப் பற்றவைக்கப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். சித்திரையில் அவள் மேடையேறும் கச்சேரி ஒன்று இருக்கிறது. அதனால் அந்த மாதம் சனிக்கிழமைகளும் அவளுக்கே. சேசிஸ் வைகாசியில் போகும்.