கப்பலிலிருந்து மயிலைக்கு

சென்னையைச் சுற்றிப் பார்க்க எத்தனை நாள் வேண்டும் என்று வெளியூர் நண்பர்கள் கேட்டால், ஒரு வாரமாவது வேண்டும் என்று சொல்வது என் வழக்கம். உல்லாசக் கப்பலில் வருகிறவர்களுக்கோ ஒரு மாலைப் பொழுதுதான் கிடைக்கிறது. பிற்பகல் மூன்று மணிக்குத் துறைமுக வாயிலை விட்டு வெளியே வந்தவர்கள் இரவு ஒன்பதுக்குள் திரும்பிவிட வேண்டும். அதற்குள் எதைக் காட்டுவது, எதை விடுவது என்பது காட்டுகிறவனுக்குப் பெரும் சோதனை!

சென்ற மார்கழியில் அப்படி வந்தவர்களுள் என் ஒன்றுவிட்ட அத்தையும் ஒருவர். பினாங்கில் குடியிருப்பவர்; எண்பதை நெருங்கும் வயது. 1956-ஆம் ஆண்டில், பத்து வயதுச் சிறுமியாக, இதே துறைமுகத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறியவர். 1926-ல் கட்டப்பட்ட அந்தக் கப்பலைப் பற்றிக் கேள்விப்படாத மலாய்த் தமிழர் குடும்பம் இருக்க முடியாது. ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாக அது ஓடிற்று. ஏறக்குறைய ஐயாயிரம் தளப் பிரயாணிகளை ஏற்றிக்கொள்ள அதற்கு அனுமதி இருந்ததாம். பாயும் மூட்டையுமாகத் தளத்திலே படுத்துப் போனவர் இப்போது பளிங்குக் குளியலறை கொண்ட அறையில் வந்து இறங்கினார்.

கப்பல்காரர்கள் ஏற்பாடு செய்திருந்த பஸ் தியாகராய நகருக்குப் புறப்படத் தயாராக நின்றது. மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920-களில் உண்டாக்கிய அந்த நகரில், பனகல் பூங்காவைச் சுற்றிப் பட்டும் பொன்னும் குவிந்து கிடப்பது உலகறிந்த செய்தி. அத்தை அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"துணிக்கடை பினாங்கிலேயே இருக்குதப்பா. எனக்குக் குளத்தைக் காட்டு, போதும்" என்றார்.

அடையாற்று ஆலமரத்தையும் பார்க்கலாமே என்றேன். 1989-ல் வீசிய புயலில் அதன் தாய்மரம் சாய்ந்து, விழுதுகளே இன்று மரமாக நிற்கின்றன. ஆனால் நாங்கள் போய்ச் சேருவதற்குள் தோட்டத்தின் வாயிலை மூடிவிடுவார்கள். ஆகவே நேரே மயிலாப்பூர்தான் என்று முடிவாயிற்று.

கடற்கரைச் சாலை வழியே போகும்போது, "மணல் இவ்வளவு அகலமா!" என்று அத்தை வியந்தார். இந்த மணலுக்குக் காரணமே அவர் வந்திறங்கிய துறைமுகந்தான். முன்காலத்தில் கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் அலையைத் தாண்டி ஜனங்கள் கரை சேர்வார்கள். 1876-ல் துறைமுக வேலை தொடங்கியது. வடக்கு நோக்கிப் போகும் மணலை அதன் சுவர்கள் தடுக்கவே, தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரத்துக் கரையைக் கடல் அரித்தது. ஒரு கரைக்கு வந்த வாழ்வு மற்றொரு கரைக்குத் தாழ்வாயிற்று.

வழியில் விவேகானந்தர் இல்லத்தைக் காட்டினேன். 1842-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காகக் கட்டிய கட்டடம் அது. 1897 பிப்ரவரியில் சுவாமிகள் அங்கே ஒன்பது நாள் தங்கினார். பனிக்கட்டிக் கிடங்கிலிருந்து கனல் பறக்கும் பேச்சு புறப்பட்டது!

பிறகு சாந்தோம். வெள்ளை வெளேரென்று கோபுரம் நிமிர்ந்து நிற்கும் தேவாலயம். போர்ச்சுகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் கட்டியதை இடித்து, 1890-களில் புதிதாக எழுப்பியது. வழிகாட்டிகள் இதை ஒரு காட்சியாகவும், கபாலீசுவரர் கோயிலை வேறொரு காட்சியாகவும் காட்டிவிட்டுப் போகிறார்கள். அது போதாது என்பது என் கருத்து. ஏனெனில் பழைய கபாலீசுவரம் கடலோரத்தில் இருந்தது. போர்ச்சுகீசியர் காலத்தில் அது அழிந்தது. சாந்தோம் பகுதியில் அகழ்ந்தபோது பழங்கோயிலின் கற்களும் கல்வெட்டுத் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. சம்பந்தர் பூம்பாவைப் பதிகம் பாடிய மயிலை, அலை வந்து உலாவிய மயிலை. இன்று நாம் கும்பிடும் கோயில், கடலை விட்டு உள்ளே வந்து மறுபடி எழுந்தது. இதை அறிந்துகொண்டு சாந்தோமிலிருந்து மேற்கே வந்தால், அந்தச் சிறு தூரத்தில் பல நூற்றாண்டுகளைக் கடக்கலாம்.

கிழக்குக் கோபுரம் 1906-ல் கட்டியது. சுமார் 120 அடி உயரம். உள்ளே புன்னை மரத்தடியில், மயிலாக வந்து பூசித்த அம்மையின் சந்நிதியில் அத்தை வெகு நேரம் நின்றார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேற்கே குளம். மழைக்காலம் முடிந்த சமயமாதலால் படிகள் பல மூழ்க நீர் நிறைந்திருந்தது. குளத்து நிலம் ஆற்காட்டு நவாப் அளித்தது என்பது வழங்கி வரும் செய்தி. மொகரம் நாளில் முஸ்லிம்கள் இங்கே வரும் வழக்கமும் உண்டு. அத்தை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, மாட வீதி முனையிலிருந்து வீடுகளை விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். ஐந்தாவது எண்ணும்போது விரல் நின்றது. அங்கே நான்கு மாடிக் கட்டடம் ஒன்று நின்றது. கீழே பாத்திரக் கடை.

"திண்ணை இருந்தது. அங்கே உட்கார்ந்துதான் அப்பா பாஸ்போர்ட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டாரு" என்றார். அதற்குமேல் பேசவில்லை. கடைக்குள் போய் ஒரு பித்தளை விளக்கை விலை பேசினார். கடைக்காரர் சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டு, முக்கால் விலைக்கு முடித்தார். மயிலாப்பூர்ப் பேரம் எழுபது ஆண்டு மறக்கவில்லை!

லஸ் கோயிலை வண்டியிலிருந்தபடியே பார்த்தோம். சுவர்க் கல்வெட்டு 1516 என்று ஆண்டு கூறும் பழைய கோயில் அது. நம்மவர் வாயில் காட்டுக் கோயில். எட்டே முக்காலுக்குத் துறைமுக வாயிலை அடைந்தோம். விளக்கைச் சோதனைக்காரர் இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்.

கப்பலில் வரும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. நண்பகலில் கோயில் நடை சாத்தியிருக்கும். மாலை நான்கு மணியளவில்தான் திறப்பார்கள். முதலில் சாந்தோமைப் பார்த்துவிட்டு மேற்கே வாருங்கள். பங்குனியில் அறுபத்துமூவர் விழா நாளில் வருவதாயிருந்தால் வண்டியை நம்பாதீர்கள். அன்று மாட வீதிகளில் ஜனத்திரள் போகும் திசையில்தான் நீங்களும் போக முடியும்.