பெருங்குடல் இல்லாமல் பதினோரு வருஷம்

நாற்பத்தைந்து வயதுக்காரியிடம் எந்த டாக்டராவது, "உப்பைக் கூட்டிக்குங்கம்மா" என்று சொல்வாரா? என்னிடம் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் என் கணவருக்கு அப்பளம் கிடையாது, மாமியாருக்கு ஊறுகாய் கிடையாது. எனக்கு மட்டும் மோர்மிளகாய், ஊறுகாய், வடுமாங்காய் எல்லாம் உண்டு. பார்க்கிறவர்கள், "கொடுத்து வைத்தவள்!" என்பார்கள். கொடுத்தது என்னவோ உண்மைதான். ஐந்தடி நீளப் பெருங்குடலை முழுசாகக் கொடுத்துவிட்டு வந்தவள் நான்.

எங்களுக்குப் பாபநாசம் பக்கம் ஒரு கிராமம். கொஞ்சம் நிலம், இரண்டு மாடு, ஒரு பெண், ஒரு பிள்ளை. பிள்ளை பிறந்த மறு வருஷம், 2010-ல் ஆரம்பித்தது எனக்கு வினை. வெளிக்குப் போகும்போது ரத்தம். "பிள்ளை பெத்தவளுக்கு மூலம் வர்றது சகஜம்தானே" என்றார்கள் எல்லோரும். நானும் நம்பினேன். கருணைக்கிழங்கும் துத்திக்கீரையும் தின்று, மூலத்துக்கு வைத்தியம் பார்த்தே இரண்டு வருஷத்தைத் தொலைத்தேன். நாளைக்கு நாலு தடவை என்றிருந்தது பத்தாகி, பதினைந்தாகியது. கொல்லைப்புறத்துக் கக்கூஸுக்கும் அடுப்படிக்கும் நடந்தே கால் ஓய்ந்தது. நாற்று நடவுக்கு வந்த பெண்களுக்குச் சோறு போட நின்றால்கூட, பாதியில் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுவேன். எடை 38 கிலோ.

கடைசியில் தஞ்சாவூரில் ஒரு டாக்டர், குழாய் விட்டுக் குடலைப் பார்த்துவிட்டு, "இது மூலமே இல்லையம்மா. பெருங்குடல் முழுக்கப் புண்" என்றார். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று பெயர். நம் உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே திசை மாறி நம் குடலைத் தாக்குகிறதாம். தொற்று வியாதி இல்லை. காரத்தால் வந்ததும் இல்லை, யாரும் வைத்த வினையும் இல்லை. பலருக்கு மாத்திரையிலேயே அடங்கிவிடும். எனக்கு அடங்கவில்லை. ஸ்டீராய்டு சாப்பிட்டு முகம் மட்டும் பூசணிக்காய் மாதிரி உப்பியது. ரத்தம் நிற்கவில்லை. "இனிமேல் குடலை எடுத்துவிடுவதுதான் வழி. எடுத்துவிட்டால் அந்த வியாதி திரும்ப வராது" என்றார்கள்.

"குடலை எடுத்துட்டா அப்புறம் என்னத்தடி மிச்சம்?" என்று திண்ணையில் உட்கார்ந்து அழுதார் என் மாமியார். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

மிச்சம் இருக்கிறது என்பதைச் சென்னை ஆஸ்பத்திரியில் படம் போட்டுக் காட்டினார்கள். சாப்பாட்டிலிருந்து சத்தை எடுப்பது இருபது அடிச் சிறுகுடல். அது அப்படியே இருக்கும். பெருங்குடலின் முக்கிய வேலை தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சிக்கொள்வது. அது போய்விட்டால், சிறுகுடலின் நுனியை வயிற்றில் வலது பக்கம் ஒரு சிறு துளை வழியாக வெளியே கொண்டுவந்து வைப்பார்கள். இலியாஸ்டமி என்று பெயர். அதன் மேல் ஒரு பையை ஒட்டிக்கொள்ள வேண்டும். சிலருக்குச் சிறுகுடலையே மடித்துப் பை போல் தைத்து, பழைய வழியிலேயே போகும்படி செய்வதும் உண்டு. என் உடம்பு இருந்த நிலையில் எனக்கு வெளிப்பைதான் சரி என்றார்கள்.

2014 மாசியில் சம்பா அறுவடை முடிந்து, நெல் போட்ட பணத்தோடு சென்னைக்குப் போனோம். ஆபரேஷனுக்கு முதல் நாள் ஒரு நர்ஸம்மா வந்து, "வீட்டுல எப்படிப் புடவை கட்டுவீங்களோ அப்படியே கட்டிக்கிட்டு வாங்க" என்றார். உட்காரச் சொல்லி, நிற்கச் சொல்லி, குனியச் சொல்லிப் பார்த்தார். பாவாடை நாடா விழுகிற இடத்தையும் வயிறு மடிகிற இடத்தையும் தவிர்த்து, மையால் ஒரு புள்ளி வைத்தார். "நாளைக்கு நீங்க புடவை கட்டணுமில்ல?" என்றார். நாளைக்கு நான் இருப்பேன், புடவை கட்டுவேன் என்ற நம்பிக்கை எனக்கு அந்தப் புள்ளியில்தான் வந்தது.

ஆபரேஷன் முடிந்து முதல் முறை வயிற்றைப் பார்த்தபோது மட்டும் அழுதுவிட்டேன். செம்பருத்தி மொக்கு மாதிரி சிவப்பாக, கெண்டியின் மூக்கு போல் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. தொட்டால் வலியில்லை. "ஏன் இப்படி நீட்டி வைத்தார்கள்?" என்று அழுகையோடு கேட்டேன். அந்த மூக்கு இல்லாவிட்டால் வருவது தோலில் பட்டு அரித்துவிடுமாம். 1952-ல் பிரையன் புரூக் என்ற இங்கிலாந்து சர்ஜன் எழுதிய முறை அது. அதற்கு முன்னால் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் தோல் வெந்து பட்ட பாடு கொஞ்சமில்லையாம்.

அந்தப் பைக்கும் ஒரு கதை உண்டு. டென்மார்க்கில் எலிஸ் சோரென்சன் என்று ஒரு நர்ஸ். அவர் தங்கை தோராவுக்கு 32 வயதில் வயிற்றில் இப்படித் துளை வைத்தார்கள். ஒழுகிவிடுமோ என்று பயந்து அந்தப் பெண் வெளியே போவதையே நிறுத்திவிட்டாளாம். அதைப் பார்த்துத் தாங்காமல், தோலில் ஒட்டிக்கொள்கிற பிளாஸ்டிக் பையை எலிஸ் யோசித்தார். வருஷம் 1954. பிளாஸ்டிக் சாமான் செய்கிற ஒருவரிடம் போய்ச் சொன்னபோது அவர் தயங்கினார். அவருடைய மனைவியும் நர்ஸாகப் படித்தவர். அவர்தான் பேசிப் பேசிக் கணவரைச் சம்மதிக்க வைத்தாராம். அக்கா ஒருத்தி தங்கைக்காக நினைத்ததும், மனைவி ஒருத்தி விடாமல் வாதாடியதும்தான் இன்று என் இடுப்பில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு எல்லாவற்றையும் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பையில் மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிட வேண்டும். நாளைக்கு ஐந்தாறு முறை ஆகும். மூன்று நாலு நாளைக்கு ஒரு தடவை பையையே மாற்ற வேண்டும். பையோடு குளிக்கலாம். தண்ணீர்க்குடத்தை மட்டும் இடுப்பில் வைத்துத் தூக்கக்கூடாது. குடல் பிதுங்கிவிடும். குழைந்த சாதம், தயிர், அவல், ஜவ்வரிசிக் கஞ்சி, வாழைப்பழம் சாப்பிட்டால் போவது கெட்டிப்படும். பீட்ரூட் சாப்பிட்டால் பையில் சிவப்பாக வரும். நான் முதல் தடவை ரத்தம் என்று பயந்து ஊரைக் கூட்டிவிட்டேன்!

2015 பொங்கலுக்கு அம்மா வீட்டிலிருந்து பனங்கிழங்கு வந்தது. ஆசைக்கு இரண்டு தின்றேன். நாரைச் சரியாக எடுக்கவில்லை, மெல்லவும் இல்லை. ராத்திரி பையில் சொட்டுக்கூட இல்லை. வயிறு முறுக்கி எடுத்தது, வாந்தி. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்துதான் அடைப்பு விட்டது. அன்றிலிருந்து வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, தேங்காய்க் கீற்று, காளான் எல்லாவற்றையும் பார்த்துத்தான் தொடுவேன். எதைச் சாப்பிட்டாலும் கூழாக மென்று விழுங்குவேன். பை காலியாகவே இருந்து வயிற்று வலியும் வாந்தியும் சேர்ந்தால், கஷாயம் வைத்துக் குடித்துப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

ஆனால் என்னைச் சாவின் வாசல்வரை கொண்டுபோனது பனங்கிழங்கு இல்லை. வெட்கம்.

வீட்டில் நாலு பேரைத் தவிர யாருக்கும் பை விஷயம் தெரியாது. "வயித்துல ஒரு கட்டி, எடுத்துட்டாங்க" என்றுதான் ஊரில் சொல்லி வைத்திருந்தோம். மகளுக்கு நாளை சம்பந்தம் பேச வேண்டுமே! விசேஷத்துக்குப் போனால், பை நிறையக்கூடாது என்று முதல் நாள் ராத்திரியிலிருந்தே சாப்பிட மாட்டேன், தண்ணீர் குடிக்க மாட்டேன்.

2017 வைகாசியில் கும்பகோணத்தில் அண்ணன் மகள் கல்யாணம். டெல்டாவே காய்ந்து கிடந்த வருஷம் அது. பட்டுப்புடவை, மண்டபத்தில் கூட்டம், வெயில். விடியற்காலை முகூர்த்தத்திலிருந்து மத்தியானப் பந்திவரை ஒரு வாய் தண்ணீர் கிடையாது. கெண்டைக்கால் இரண்டும் இழுத்தன, கண் இருட்டியது. பந்தியில் அப்பளம் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தேன். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம் இறங்கியிருந்தது, சிறுநீரகம் அடிபடத் தொடங்கியிருந்தது. மூன்று நாள் சலைன் ஏறியது.

அங்கே இருந்த டாக்டரம்மா என் வீட்டுக்காரரை உட்கார வைத்துச் சொன்னார். எல்லோருக்கும் தினம் ஒன்றரை லிட்டர் நீர் வரை பெருங்குடலுக்கு வந்து சேருகிறது. அரை டம்ளர் போலத்தான் வெளியே போகும், மீதியை உப்போடு பெருங்குடல் உறிஞ்சிக்கொள்ளும். எனக்கு அந்த வசதி இல்லை. நாளைக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர்வரை, உப்போடு சேர்ந்து போய்க்கொண்டே இருக்கும்.

"அப்ப மடை உடைஞ்ச வயல் மாதிரிங்க" என்றார் இவர்.

"அதேதான். வெறும் தண்ணியா விட்டா, இருக்கிற உரத்தையும் அடிச்சிக்கிட்டுப் போயிடும்" என்றார் அந்த அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாகம் எடுத்தால் சொம்பு சொம்பாக வெறும் தண்ணீர் குடிப்பதும் எனக்குக் கெடுதலாம். உப்பும் குளுக்கோஸும் சேர்ந்த தண்ணீர்தான் உடம்பில் தங்கும். குளுக்கோஸ் உப்பைக் கையைப் பிடித்துக் குடல் சுவருக்குள் அழைத்துப்போகும், அதன் பின்னாலேயே தண்ணீரும் போகும். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, சலைன் போதாமல் டாக்டர் திலீப் மகலனோபிஸ் இந்த உப்பு-சர்க்கரைத் தண்ணீரைப் பெரிய டிரம்களில் கலந்து வைத்து எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றினாராம். 2023-ல், அவர் காலமான பிறகு, பத்மவிபூஷண் கொடுத்தார்கள்.

எனக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த அளவு: 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் 6 டீஸ்பூன் குளுக்கோஸ், 1 டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் சமையல் சோடா. எல்லாம் தலைதட்டி அளக்க வேண்டும், சோடா மட்டும் கொஞ்சம் கூம்பலாக. பானைத் தண்ணீரில் செய்து, எலுமிச்சம்பழம் இரண்டு சொட்டு விட்டு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பேன். இது என் உடம்புக்கான அளவு. ரத்தக்கொதிப்பு, இருதயம், சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

"யாருக்குத் தெரிஞ்சிடும்னு இப்படிச் செத்துப்போகப் பார்த்தீங்க?" என்று டாக்டரம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதிலில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தையும் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்த வெள்ளிக்கிழமை, வழக்கம்போல் நான் சாமி அறை வாசலிலேயே நின்றேன். மூன்று வருஷமாக அப்படித்தான். இடுப்பில் அதை வைத்துக்கொண்டு எப்படி விளக்கேற்றுவது? அத்தை உள்ளேயிருந்து, "என்னத்துக்கு அங்கயே நிக்கிற?" என்றார். சொன்னேன். "அடி போடி! எல்லாரும் அதை வயித்துக்குள்ள வச்சிக்கிட்டுத்தானே கோயிலுக்குப் போறோம்? உனக்கு வெளியில இருக்கு, அவ்வளவுதான். வந்து விளக்கேத்து" என்றார்.

அன்று சாயங்காலமே தன் பழைய நூல் புடவையைக் கிழித்து, கையாலேயே பைக்கு உறை தைத்துக் கொடுத்தார். பிளாஸ்டிக் தோலில் பட்டு வேர்க்காது, சரசரவென்று சத்தமும் வராது. இப்போது என்னிடம் பதினாறு உறை இருக்கிறது. மகளுக்குப் பெண் பார்க்க வந்தபோதும் அத்தையே, "எங்க மருமகளுக்குப் பெரிய ஆபரேஷன் ஆயிருக்கு, இப்படி இப்படி" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். முதலில் வந்தவர்கள் திரும்பி வரவே இல்லை. இரண்டாவது வந்தவர்கள் வீட்டில்தான் இன்று என் மகள் இருக்கிறாள். பொய் சொல்லி முதல் இடத்தை முடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

போன வருஷம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு தாய் தன் பெண்ணை அழைத்து வந்தார். 23 வயது. எனக்கு வந்த அதே வியாதி, அதே பூசணிக்காய் முகம். டாக்டர்கள் ஆபரேஷன் என்று சொல்லியாயிற்று. "பையோட இருக்கிறதுக்குச் சாகறேன்" என்று பெண் பிடிவாதம். தாயாரை அத்தையோடு திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, அந்தப் பெண்ணை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். புடவையை விலக்கிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"வாடை அடிக்காதாக்கா?"

"இவ்வளவு நேரம் பக்கத்துல உட்கார்ந்திருந்தியே, அடிச்சுதா?"

"கல்யாணம், குழந்தை...?"

"குடலைத்தான் எடுக்கறாங்க, கர்ப்பப்பையை இல்ல. பையோட பிள்ளை பெத்தவங்க நிறைய பேர் இருக்காங்கன்னு டாக்டர் சொன்னாங்க. உனக்கு எப்படின்னு ஆபரேஷனுக்கு முன்னாடியே கேட்டுக்க. வர்றவன்கிட்ட மட்டும் எதையும் மறைக்காதே."

அவள் ஒன்றும் பேசவில்லை. கிளம்பும்போது கொடியில் காய்ந்துகொண்டிருந்த உறைகளைப் பார்த்து, "அதுல ஒண்ணு தருவீங்களாக்கா?" என்றாள். அத்தை புதிதாகவே இரண்டு தைத்துக் கொடுத்தனுப்பினார். தை மாதம் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

சகோதரிகளே, மலத்தில் ரத்தம் கண்டால் மூலம் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். போய்க் காட்டிவிடுங்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படிப் பையோடு யாராவது இருந்தால், விசேஷத்தில் அவளைத் தனியாக அழைத்து, கக்கூஸ் எந்தப் பக்கம் என்று காட்டிவிட்டு, கையில் ஒரு டம்ளர் உப்புப் போட்ட மோர் கொடுங்கள். அன்று கும்பகோணத்தில் யாராவது அதைச் செய்திருந்தால் நான் விழுந்திருக்க மாட்டேன். செய்ய அவர்களுக்குத் தெரியாது. நான்தானே சொல்லவில்லை?