பர்மா நட்சத்திரம்

5 அக்டோபர் 2024, சென்னைத் துறைமுகம்

போன மாதம்தான் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். வழியனுப்ப வந்த சித்தப்பாவுக்கு அது இன்னும் அந்தமான்தான். தாத்தாவின் பதக்கம் கைப்பையில், பாட்டி வைத்திருந்த அதே திருநீற்று டப்பாவுக்குள் இருக்கிறது.

6 அக்டோபர், கடலில்

ஆறு முனை நட்சத்திரம். நாடா கருநீலம்; நடுவில் சிவப்பு, இருபுறமும் ஆரஞ்சுக் கோடு. பெயர் பர்மா நட்சத்திரம். தாத்தா பர்மாவில் கால் வைத்ததே இல்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வங்காள விரிகுடாவில் போன சரக்குக் கப்பல்காரர்களுக்கும் இதைக் கொடுத்தார்கள். அவர் பாய்லருக்குக் கரி அள்ளிப் போட்டவர். காலையிலிருந்து என்னை வாந்தி எடுக்க வைக்கும் இந்தத் தண்ணீர்தான் அவருடைய பர்மா.

புரட்டிப் பார்த்தேன். பின்பக்கம் மொழுக்கென்று இருக்கிறது. இந்த நட்சத்திரங்களில் பிரிட்டன் பெயர் பொறித்துக் கொடுக்கவில்லை.

7 அக்டோபர்

அலை அடங்கவில்லை.

1942 மார்ச் 23-ல் ஜப்பானியர் போர்ட் பிளேரைப் பிடித்தார்கள். இரண்டே வாரத்தில் அவர்களுடைய அட்மிரல் ஒசாவாவின் போர்க்கப்பல்கள் விரிகுடாவுக்குள் புகுந்து, சில நாட்களில் இருபது சரக்குக் கப்பல்களுக்கு மேல் மூழ்கடித்தன. பீதியில் மெட்ராஸில் பாதி ஊர் கிளம்பிவிட்டது. அதைப் பற்றிக் கேட்டால் தாத்தா சொல்வது இதுதான்: "கீழ இருக்கறவனுக்கு வானமும் தெரியாது, எதிரியும் தெரியாது. மேஸ்திரி சாரங் கத்துற சத்தம் மாறுனா ஏணியப் பாக்கணும்."

வெள்ளைக்கார மாலுமியின் சம்பளத்தில் சிறு பங்குதான் தாத்தா போன்றவர்களுக்கு. 1939-லேயே இந்திய மாலுமிகள் இதற்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம் மட்டுமல்ல, சாவும் கணக்கில் வரவில்லை. நாகப்பட்டினத்தில் ரஜூலா என்ற பயணிகள் கப்பலை அறியாதவர் இல்லை. அதன் ஜோடிக் கப்பல் ரோனா, 1943 நவம்பரில் அல்ஜீரியக் கடலில் மூழ்கியபோது இந்திய மாலுமிகளே நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அதை யார் பேசுகிறார்கள்?

9 அக்டோபர், அபர்தீன் பஜார், ஸ்ரீ விஜயபுரம்

1945-ல் இதே தேதியில்தான் ஜிம்கானா மைதானத்தில் ஜப்பானியர் சரணடைந்தார்கள். 1943 டிசம்பரில் நேதாஜி கொடியேற்றிய ஊர் இது.

டீக்கடை அண்ணாச்சி தூத்துக்குடிக்காரர். பெண் எடுத்தது இங்கே. பதக்கத்தை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

"எங்க மாமனார் அப்ப சின்னப் பையன். ஜப்பான்காரனுக்கு அரிசி வர்ற கப்பலெல்லாம் முங்கிப்போச்சு, ஊரே பட்டினி. அவர் சாகிற வரைக்கும் கப்பலப் பாத்தா அரிசியான்னுதான் கேப்பாரு."

டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, உங்க தாத்தா கப்பல்ல என்ன சரக்கு?"

கரி அள்ளியவர் அதைச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.