ஜெர்கினுக்குள்ள தினத்தந்தி

மார்கழி மாசம், ராத்திரி ஒரு மணிக்கு, கோயமுத்தூர்ல இருந்து ஊட்டிக்கு பைக்ல கிளம்புறவனுக்கு ரெண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒண்ணு காதல், இல்லேன்னா கொழுப்பு. எங்ககிட்ட முதலாவது சுத்தமா இல்ல. ரெண்டாவது இடுப்பைச் சுத்தி மட்டும் கொஞ்சம் உண்டு.

2024 டிசம்பர் கடைசியில ஒரு வெள்ளிக்கிழமை. சரவணம்பட்டி ரூம்ல போர்வைக்குள்ள புகுந்து அரைத் தூக்கத்துல இருந்தேன். பங்காளி வந்து காலைத் தட்டினான். (பேரெல்லாம் வேண்டாம், பங்காளின்னே வெச்சுக்குவோம். ஒரே ரூம், ஒரே டீம், பக்கத்து பக்கத்து சீட்டு.)

"மாப்ள, ஊருக்குப் போலாமா?"

"எப்போ?"

"இப்போ."

மறுநாள் சனிக்கிழமை, ஆணி எதுவும் இல்ல. அவன் ஊர் ஊட்டிக்குப் பக்கத்துல கேத்தி பாலாடா. வண்டி டி.என். 43 நம்பர். 2024 மே மாசத்துல இருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேணும்னு ஆக்கிட்டாங்களே, நீலகிரி வண்டிக்கு அந்தத் தொல்லை இல்ல. வேண்டாம்னு சொல்ல ஒரு காரணமும் சிக்கல, கிளம்பியாச்சு.

துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை வரைக்கும் குளிர் சும்மா விளையாட்டுக் காட்டுச்சு. மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்கும்போது பங்காளி ஒரு பழைய தினத்தந்தியை வாங்கிட்டு வந்து, "இதை ஜெர்கினுக்குள்ள நெஞ்சுல வெச்சுக்க"ன்னான். சிரிச்சேன். "ஸ்வெட்டர் எவ்ளோ தடியா இருந்தாலும் காத்து அதோட ஓட்டை வழியா பூந்துடும். பேப்பர்ல பூராது. எங்கப்பா டிவிஎஸ் 50 ஓட்டும்போது இதான் செய்வாரு." சும்மா சொல்லக்கூடாது, ஆயிரக்கணக்குல குடுத்து வாங்கின ஜெர்கினை விட அந்த பேப்பர்தான் அன்னிக்கு வேலை செஞ்சுது.

கல்லாறு தாண்டி காடு ஆரம்பிச்சதும் முன்னாடி ரெண்டு லாரியும் ஒரு காரும் லைட்டை அணைச்சுட்டு நின்னுட்டு இருந்துச்சு. யானை. இந்தப் பாதையில இது சகஜம், அதுங்க போற வழியிலதானே நாம ரோடு போட்டு வெச்சிருக்கோம். லாரி டிரைவர் கையைக் காட்டினார், நாங்களும் இன்ஜினை நிறுத்திட்டோம். என் கண்ணுக்கு யானை தெரியவே இல்ல. மூங்கில் முறியற சத்தம் மட்டும்தான். இருட்டுன்னா அப்படி ஒரு இருட்டு. பங்காளி ஹெல்மெட்டைக் கழட்டினான்.

"சாயங்காலம் நாலு மணிக்கு ஹெச்.ஆர். கூப்பிட்டாங்க. பேப்பர் போட்டுடச் சொல்லிட்டாங்க."

ஏழு பேர் இருக்கற டீம் எங்களது. நாலு மணிக்கு நானும் என் சீட்டுலதான் இருந்தேன். அவன் எழுந்து போனதைப் பார்த்தேன், காபிக்குப் போறான்னு நினைச்சேன். ஒரு ஆளைக் கூப்பிட்டாங்க, அந்த ஆள் நான் இல்ல. இது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இந்த நிலைமையில நான் "கவலப்படாதடா, வேற கிடைக்கும்"னு சொன்னா அது எவ்ளோ கேவலமா இருக்கும்! தோள்ல கைய வெச்சேன். அவ்ளோதான் முடிஞ்சுது.

"வீட்ல சொல்லிட்டியா?"

"இல்ல. ஸ்பிரிங்க்ளருக்கு என் சம்பளத்தைக் காட்டித்தான் லோன் வாங்கினோம். இன்னும் 14 மாசம் இருக்கு. போன்ல எப்படி சொல்றது?"

யானை போயிருச்சு போல, லாரி கிளம்புச்சு. பர்லியாறுக்கு மேல பேச முடியாது. மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரம், குன்னூர் 1,850. முப்பது சொச்சம் கிலோமீட்டர்ல அவ்ளோ ஏறணும். மலை ரயிலே இந்த ஏத்தத்துக்குப் பல்சக்கரம் வெச்சுத்தான் ஏறுது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஒரு சட்டையைக் கழட்டின மாதிரி குளிர் கூடிக்கிட்டே போகுது. குன்னூர் வர்றதுக்குள்ள அவன் விரல் கிளட்ச்சைப் பிடிக்க மாட்டேன்னுருச்சு. அங்கிருந்து நான் ஓட்டினேன். பின்னாடி இருந்து பல்லு கிடுகிடுக்கிற சத்தம் ஹெல்மெட்டைத் தாண்டி கேட்டுச்சு.

அருவங்காடு தாண்டி எல்லநல்லியில இருந்து பள்ளத்தாக்குக்குள்ள இறங்கினோம். நான் என்னவோ மேல ஏற ஏறத்தான் குளிரும்னு நினைச்சுட்டு இருந்தேன். இறங்க இறங்கக் குளிர் கூடுது! பங்காளி காதுக்குள்ள கத்தினான். மேகம் இல்லாம, காத்து இல்லாம இருந்தா மண்ணோட சூடெல்லாம் வானத்துக்குப் போயிடுமாம். குளிர்ந்த காத்து கனம், அது தண்ணி மாதிரி சரிவுல வழிஞ்சு பள்ளத்துல தேங்கிக்குமாம். உறைபனி விழறது அங்கதான். மேல பார்த்தேன். அத்தனை நட்சத்திரம்... பார்க்க அழகா இருந்துச்சு, விவசாயிக்கு அது கெட்ட சேதின்னு அப்போதான் தெரிஞ்சுது.

விடியறதுக்கு முன்னாடியே அங்க ஊரு முழிச்சிருந்துச்சு. தலையில டார்ச் கட்டிக்கிட்டு கேரட் பிடுங்கறாங்க. விடிஞ்சதும் பார்த்தா காலியா கிடந்த புல்தரையெல்லாம் உப்பு கொட்டின மாதிரி வெள்ளை. பனி உறைஞ்ச இலையில வெயில் சுள்ளுனு பட்டா கருகிடும், அதனால வெயில் ஏறதுக்குள்ள தண்ணி அடிச்சுக் கழுவிவிடணும். அவங்க அப்பா குல்லாவும் சால்வையுமா தோட்டத்துல நின்னுட்டு இருந்தார். ஒரு மூலைக்கு ஸ்பிரிங்க்ளர் எட்டாது போல, கையில ஹோஸ்.

எங்களைப் பார்த்ததும் அவர் ஆச்சரியப்படவே இல்ல. ஹோஸை மகன் கையில குடுத்துட்டு மோட்டாரைப் பார்க்கப் போனார். அரை மணி நேரம் ரெண்டு பேரும் வேலை செஞ்சாங்க. அப்புறம் பங்காளி ஹோஸைப் பிடிச்சபடியே பேச ஆரம்பிச்சான். அவங்க வீட்ல படுக மொழி, எனக்கு ஒரு வார்த்தையும் புரியாது. நடுவுல "கம்பெனி", "லோன்" மட்டும் காதுல விழுந்துச்சு. அப்பா நிமிர்ந்தே பார்க்கல. அவன் முடிச்சதும் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். பங்காளி ஹோஸை அடுத்த பாத்திக்குத் திருப்பினான்.

அப்புறம் என்கிட்ட தமிழ்ல, "தம்பி, நனையாதீங்க, உள்ள போய் அடுப்புகிட்ட உக்காருங்க"ன்னார்.

மத்தியானம் நான் மட்டும் பஸ்ல இறங்கினேன். திங்கக்கிழமை என் பக்கத்து சீட் காலி.

அப்பா என்ன சொன்னார்னு ரொம்ப நாள் கழிச்சுக் கேட்டேன். "மேல வரப்புல இன்னும் தண்ணி படல, அங்க அடிடான்னார்"னான். நிஜமா அதைத்தான் சொன்னாரா, இல்ல எனக்கு சொல்ல இஷ்டமில்லையா, தெரியல. இப்பவும் தோட்டத்துல இருந்துக்கிட்டே இன்டர்வியூ அட்டெண்ட் பண்றான். லோன் தவணை ஒண்ணும் நிக்கலையாம். கேரட் என்ன விலை போகுதுன்னு கேட்டா மட்டும் பயபுள்ள பேச்சை மாத்திடறான்.