பால் மரம் தந்த நாற்காலி

சிரம்பானிலிருந்து ரெம்பாவ், தம்பின், மலாக்கா வழியாக மூவாருக்குப் போகும் வாசகர்கள் சாலையோரத்தைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். நம் பாட்டன்மார் நட்டு வளர்த்த ரப்பர்க் காடுகள் பலவற்றில் இப்போது செம்பனை நிற்கிறது. மூவாரிலோ அந்த ரப்பர் மரம் நாற்காலியாக நிற்கிறது! ஜொகூரின் அந்த ஆற்றங்கரை ஊர் தளவாடத் தொழிலுக்குப் பேர் பெற்றது.

1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு 22 கன்றுகள் வந்தன. மலாயாவில் ரப்பரின் கதை அங்கே தொடங்குகிறது. 25, 30 ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த மரத்தை வெட்டிச் சாய்ப்பார்கள். முன்பெல்லாம் அது செங்கல் சூளைக்கும் லயத்து அடுப்புக்கும் விறகாகத்தான் போனது. அதன் கட்டையில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாட்களிலேயே நீலம் பூக்கும், வண்டு துளைக்கும். அறுத்த பலகையில் உடனே போராக்ஸ் மருந்துநீரை ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகு, 1980களில் அது ஏற்றுமதிச் சரக்காயிற்று. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது இதற்கும் பொருந்தும்.

இன்று பெரும்பகுதி வேலையை இயந்திரமே செய்கிறது. ஆனால் நாற்காலியின் சூட்சுமம் கைத்தச்சர் கண்டதுதான். நாம் சாய்ந்து உட்காரும்போது பாரமெல்லாம் பின்காலும் ஆசனச் சட்டமும் சேரும் இடத்தில் விழுகிறது. அங்கே ஆணி மட்டும் அடித்தால் ஆடி ஆடித் தளர்ந்துவிடும். ஆகவே சட்டத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, காலில் உளியால் துளை எடுத்து, பசை தடவி, கொட்டாப்புளியால் தட்டி இறுக்குவார்கள். கழுந்து தளர்ந்தால் நாற்காலி ஆடும். அளவுக்கு மீறி இறுகினால் கால் பிளக்கும். மயிரிழை அளவுதான் வித்தியாசம்.

பால்வெட்டும் அப்படித்தானே? உளி சற்று ஆழப் போனால் மரம் காயப்பட்டு முண்டு முண்டாய் வீங்கிவிடும். காயம் படாமல் பட்டையை மட்டும் சீவத் தெரிந்த கை நம்மவர் கை. நாற்காலியை வாங்குபவர் தச்சரைப் புகழ்வார். அந்த மரத்தைக் காயமில்லாமல் காத்த பெண்ணை யார் நினைக்கிறார்கள்?

பெற்றோர்களே! படிப்பு ஏறவில்லை என்று ஒரு பிள்ளையை உதவாக்கரை என ஒதுக்கிவிடாதீர்கள். தச்சுவேலை கற்றுத்தரும் தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. விசாரித்துச் சேர்த்துவிடுங்கள். உளி பிடிப்பது நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல.